பச்சை முகமும் சாம்பல் இருட்டும்

வீட்டில் இந்த ப்ரொஜெக்டரைப் போட்ட முதல் ராத்திரி அம்மா கால் மணி நேரம்தான் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து, அடுக்களைப் பக்கம் போகிற மாதிரி போய், கதவோரம் நின்று சொன்னார்: "படம் பெருசாத்தான்டா இருக்கு. ஆனா எல்லாரு மூஞ்சியும் பச்சையா இருக்கே. ராத்திரி சீன்ல இருட்டே இல்ல, சாம்பலைக் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு."

பச்சை முகம், சாம்பல் இருட்டு. இந்த இரண்டு புகாரையும் தீர்க்க எனக்கு நாலு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் ரிமோட்டை வைத்துக்கொண்டு மெனுவுக்குள் சுற்றியதில் போனது. பாதிக் கோளாறு மெனுவில் இல்லை, எங்கள் ஹாலில்தான் இருக்கிறது என்று கடைசி மாதம்தான் தெரிந்தது. இப்போது யார் வீட்டில் புதிதாக ப்ரொஜெக்டர் வாங்கினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இதையே சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

இது எங்கள் வீட்டின் முதல் பெட்டியும் இல்லை. அதற்கு முன்னால் இணையத்தில் மலிவாக ஒன்று வாங்கி ஏமாந்தேன். பெயர் வேண்டாம், அதே பெட்டி பத்துப் பெயரில் விற்கிறது. அட்டையில் '9000 லூமன்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. லூமன்ஸ் என்பது பெட்டி வீசும் மொத்த வெளிச்சம், அதை ஒழுங்காக அளக்க ஒரு முறை உண்டு. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று அளந்து, சராசரி எடுத்து, அதைத் திரையின் பரப்பால் பெருக்க வேண்டும். வருவதுதான் ஆன்சி லூமன்ஸ். போனில் லக்ஸ் அளக்கும் ஒரு செயலியை இறக்கி நானும் அளந்தேன். 80 அங்குலப் படம், பரப்பு 1.76 சதுர மீட்டர், சராசரி 60 லக்ஸ். பெருக்கினால் நூற்றுச் சொச்சம். போன் சென்சார் தராசு மாதிரி துல்லியமானதில்லைதான். இரண்டு மடங்கு தப்பு என்றே வைத்துக்கொண்டாலும் 9000 எங்கே, 200 எங்கே? '4கே சப்போர்ட்' என்றும் போட்டிருந்தது. அதற்கு அர்த்தம் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான். உள்ளே படத்தை உருவாக்கும் பேனலில் இருந்தது 1280-க்கு 720 புள்ளிதான். விருந்தாளியை உள்ளே கூப்பிடுவதும் சாப்பாடு போடுவதும் வேறு வேறு.

அதைத் தள்ளிவிட்டு, லேசர் ப்ரொஜெக்டருக்கு மாறிய ஒரு நண்பரிடமிருந்து அவருடைய பழைய பெட்டியை வாங்கினேன். மூன்று எல்சிடி பேனல் உள்ள 1080 ரகம். விளக்கு அப்போது 1100 மணி நேரம் ஓடியிருந்தது. டிஎல்பி ரகம் ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: அதன் சிப்பில் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் ஆடுகின்றன. 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் உருவாக்கியது, அற்புதமான சாமான். ஆனால் வீட்டுக்கு வரும் பெரும்பாலான பெட்டிகளில் சிப் ஒன்றுதான். சிவப்பு, பச்சை, நீலத்தை அது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்டும். சிலர் கண்ணுக்கு, பார்வையைத் திருப்பும்போது வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் மின்னும். என் மனைவி கண்ணுக்கு மின்னுகிறது. கடையில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏங்க, எனக்குத் தலை சுத்துது" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாங்குவதற்கு முன்னால் வீட்டில் எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டிவிடுவது நல்லது.

சரி, நண்பரின் பெட்டி வந்தது. நான் செய்த முதல் தப்பு, அதை ஒரு முக்காலியில் வைத்து, முன்னங்காலுக்கு அடியில் பையனின் பழைய பாடப்புத்தகம் இரண்டைச் சொருகி, மூக்கைத் தூக்கிவிட்டது. படம் சுவரின் மேல்பக்கம் போனது, ஆனால் தலைகீழாக வைத்த முறம் மாதிரி மேலே விரிந்து கீழே குறுகிவிட்டது. ரிமோட்டில் கீஸ்டோன் பொத்தானை நாலு அமுக்கு அமுக்கியதும் செவ்வகமாகிவிட்டது. அடடா, எவ்வளவு சுலபம் என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் தப்பு. கீஸ்டோன் படத்தை நேராக்குவதில்லை. பேனலுக்குள்ளேயே படத்தைக் கோணலாகச் சுருக்கி வரைந்து, கோணலும் கோணலும் சேர்ந்து நேராகத் தெரியும்படி ஏமாற்றுகிறது. என் வீட்டுக் கோணத்தில் மேல் விளிம்பில் 1920 புள்ளிக்குப் பதில் சுமார் 1600தான் வேலை செய்தது. சின்ன எழுத்துகள் மசமசவென்று ஆனதற்கு அதுதான் காரணம். இன்னொன்றும் நடந்தது. பேனலில் மிச்சம் விடப்பட்ட ஓரம் சும்மா இருக்காது. அதன் வழியாகவும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், படத்தைச் சுற்றி ஒரு சாம்பல் ஆப்பு மாதிரி சுவரில் தெரியும். அம்மா சொன்ன சாம்பலில் அது முதல் பங்கு.

பெட்டியைச் சுவருக்கு நேராக, தரைக்குச் சமமாக வைத்து, உயரத்தை லென்ஸைக் கொண்டு சரிசெய்வதுதான் ஒழுங்கு. லென்ஸ் ஷிஃப்ட், அதாவது பெட்டியைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தும் வசதி, இருந்தால் புள்ளி ஒன்றுகூட வீணாகாது. என் பெட்டியில் அது இருந்திருக்கிறது! மேலே ஒரு தகடு மூடி, அதைத் தள்ளினால் அடியில் பல்சக்கரம் மாதிரி ஒரு உருளை. இரண்டு வாரம் கழித்துத் தூசி துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. நண்பருக்குப் போன் செய்தேன். மூன்று வருஷம் வைத்திருந்த அவருக்கும் தெரியாது. லென்ஸ் ஷிஃப்ட் இல்லாத பெட்டிகளிலும் பெரும்பாலும் படம் லென்ஸ் மட்டத்திலிருந்து மேல்நோக்கித்தான் கிளம்பும், அப்படித்தான் செய்திருப்பார்கள். அதைத் தாழ்வான மேஜையில் சமமாக வைக்கலாம், அல்லது கூரையில் தலைகீழாக மாட்டி மெனுவில் 'சீலிங்' என்று கொடுக்கலாம். நடுமட்டத்தில் வைத்து மூக்கைத் தூக்குவதுதான் ஆகாது. ஃபோகஸைப் போட்டவுடனே வைக்காதீர்கள். அரை மணி நேரம் ஓடி லென்ஸ் சூடேறியபின் அது கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

இனி பச்சை முகம். இது சுலபமாகத் தீர்ந்தது, காரணம்தான் சுவாரசியம். என் பெட்டியில் எரிவது உயர் அழுத்த மெர்க்குரி விளக்கு. அதன் ஒளியில் இயல்பாகவே பச்சை தூக்கல், சிவப்பு குறைச்சல். நிறத்தை நியாயமாகக் காட்டவேண்டுமென்றால் அதிகப்படிப் பச்சையைப் பேனலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும், அப்படிச் செய்தால் மொத்த வெளிச்சம் குறையும். 'டைனமிக்' என்று ஒரு மோட் இருக்கிறதே, அது தடுப்பதே இல்லை, இருப்பதையெல்லாம் வாரி இறைக்கிறது. அட்டையில் போடும் லூமன்ஸ் பெரும்பாலும் இந்த மோடில் அளந்ததுதான். நண்பர் பகலில் ஜன்னலைத் திறந்துவைத்து கிரிக்கெட் பார்ப்பவர், அதிலேயே விட்டிருந்தார். 'சினிமா' மோடுக்கு மாற்றியதும் முகங்கள் மனித முகங்களாயின. வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போன மாதிரி இருந்தது.

"மங்கிப்போச்சேப்பா" என்றாள் மகள். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 அங்குலப் படம் என்றால் அகலம் 221 சென்டிமீட்டர், உயரம் 125, பரப்பு ஏறக்குறைய 2.76 சதுர மீட்டர். அதில் 500 நிஜ லூமன்ஸ் விழுந்தால் 181 லக்ஸ். சாதாரண மேட் வெள்ளைத் திரை என்றால் லக்ஸை 3.14-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் பிரகாசம் கிடைக்கும்: 58 நிட். டிஜிட்டல் தியேட்டர்களுக்கு வைத்திருக்கும் அளவே 48 நிட்தான். ஆக, நன்றாக இருட்டிய அறையில் 500 நிஜ லூமன்ஸ் இருந்தாலே தியேட்டரை மிஞ்சலாம். ஆயிரக்கணக்கில் லூமன்ஸ் வேண்டியது ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்ப்பவருக்கு. மகளைப் பத்து நிமிஷம் இருட்டில் உட்காரவைத்தேன். கண் பழகியதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

மோடை மாற்றியும் ஏதோ ஒரு குறை இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சேலைக் கடையில் எவ்வளவு நேரம் பார்த்து எடுத்தாலும் பில் போடுமுன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "உள்ள லைட்டுல எல்லாம் அழகாத்தான் இருக்கும், வெளிய வந்தாத்தான் அதோட நெசக் கலரு தெரியும்." வெயிலில் விரித்து, மடித்து, முந்தானையைத் திருப்பிப் பார்ப்பார். கடைக்காரர்களுக்கும் இது பழகிய விஷயம்தான், கூடவே ஒரு பையனை அனுப்புவார்கள். வீடியோ உலகத்தில் வெள்ளை எது என்று தீர்மானித்தவர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள். டி65 என்று அவர்கள் வைத்திருக்கும் வெள்ளை, பட்டப்பகல் வெளிச்சத்தின் வெள்ளை, கிட்டத்தட்ட 6500 கெல்வின். படத்தை உருவாக்குபவர் அந்த வெள்ளையை வைத்துத்தான் மற்ற நிறங்களையெல்லாம் முடிவுசெய்கிறார். நாம் மெனுவில் 'கூல்' என்று வைத்தால் அது 9000-த்தைத் தாண்டி நீலத்துக்குப் போய்விடும். முதலில் பார்க்கப் பளிச்சென்று சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி இருக்கும், முகங்கள் மட்டும் ரத்தமே இல்லாமல் தெரியும். என்னுடையது அப்படித்தான் இருந்தது. 'வார்ம்' பக்கம் இரண்டு படி கொண்டுவந்தேன். முதல் நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது, மூன்றாம் நாள் சரியாகத் தெரிந்தது, பத்தாம் நாள் பழைய அமைப்பைப் போட்டுப் பார்த்தால் பனிக்கட்டிக்குள் படம் ஓடுகிற மாதிரி இருந்தது. கண் கோள்மூட்டி, அது சொல்வதை உடனே நம்பக்கூடாது.

ஆனால் குங்குமம் இன்னும் குங்குமமாக இல்லை, செங்கல் பொடி மாதிரி இருக்கிறது என்றார் அம்மா. நான் மெனுவுக்குள் புகுந்து சிவப்பைக் கூட்டிக் குறைத்துக் கூட்டி ஒரு வாரம் ஓட்டினேன். குற்றவாளி சுவர். வீட்டுக்காரர் ஐவரி எமல்ஷன் அடித்திருந்தார். ப்ரொஜெக்டர் என்ன நிறம் அனுப்பினாலும் அது அந்த மஞ்சளில் ஒரு குளியல் போட்டுவிட்டுத்தான் நம் கண்ணுக்கு வரும். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, அதன்மேல் படம் விழும்போது பக்கத்துச் சுவரோடு ஒப்பிட்டேன். வித்தியாசம் பட்டென்று தெரிந்தது. பெயின்டரைக் கூப்பிட்டு, நடுச்சுவரில் ஏழேகால் அடிக்கு நாலு அடி ஒரு செவ்வகம் மட்டும் பட்டி பார்த்துத் தேய்த்து, பளபளப்பே இல்லாத வெள்ளை அடிக்கச் சொன்னேன். "முழுச் சுவரும் அடிச்சிடலாமே சார், இது என்ன போஸ்டர் ஒட்டின எடம் மாதிரி?" என்று மனசில்லாமல் அடித்துக் கொடுத்தார். அளக்கும் கருவி ஏதும் இல்லாமல் மெனுவில் கெயின், ஆஃப்செட் என்று தனித்தனிச் சிவப்பு பச்சை நீலத்தை நோண்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். கெயின் வெளிச்சப் பகுதியின் நிறத்தை மாற்றும், ஆஃப்செட் இருட்டுப் பகுதியின் நிறத்தை மாற்றும். கண்ணை நம்பி இரண்டையும் தொட்டால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும்.

இப்போது பெரிய வழக்குக்கு வருகிறேன். இருட்டு.

டிவி மெனுவிலும் ப்ரொஜெக்டர் மெனுவிலும் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று இரண்டு உண்டு. பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகக் குழப்பிவிட்டார். பிரைட்னஸ் என்பது வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு இல்லை. கறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று வைப்பதற்கு. கான்ட்ராஸ்ட்தான் வெள்ளை எங்கே முடிகிறது என்று வைக்கிறது. படம் மங்கலாகத் தெரிகிறதே என்று பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பெல்லாம் எழும்பிச் சாம்பலாகும். சாம்பலாக இருக்கிறதே என்று குறைத்தால், தலைமுடிக்குள் இருக்கும் இழைகளும் கறுப்புக் கோட்டின் மடிப்பும் ஒரே மசிக்கட்டியாகிவிடும். நான் மாறிமாறி இரண்டையும் செய்தேன்.

இதற்கென்று சோதனைப் படங்கள் உண்டு. ஏவிஎஸ் எச்டி 709 என்று ஒரு தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது, பென்டிரைவில் போட்டு ஓட்டலாம். அதில் கறுப்புக்கான படத்தில் எண் போட்ட பட்டைகள் கண்சிமிட்டும். வீடியோவில் 16 என்பது கறுப்பு, 235 என்பது வெள்ளை. 17-உம் அதற்கு மேற்பட்ட பட்டைகளும் மினுக்கென்று தெரிய வேண்டும், 16-உம் அதற்குக் கீழானவையும் தெரியக்கூடாது. அந்த விளிம்பில் பிரைட்னஸை நிறுத்த வேண்டும். வெள்ளைப் பக்கம் 234 வரை தனியாகத் தெரிகிற மாதிரி கான்ட்ராஸ்ட். ஒன்றை மாற்றினால் மற்றது அசையும், அதனால் இரண்டு மூன்று தடவை மாறிமாறிப் பார்க்க வேண்டும்.

எனக்கு அந்த விளிம்பே வரவில்லை. பிரைட்னஸை அடிமட்டம் வரை இறக்கியும் 16-க்குக் கீழேயும் பட்டைகள் சிமிட்டின. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டபின் கண்டுபிடித்தது: படம் ஓட்ட ப்ரொஜெக்டரில் செருகியிருந்த டிவி ஸ்டிக் 16-இலிருந்து 235 வரை அனுப்புகிறது, ப்ரொஜெக்டரோ எச்டிஎம்ஐ ரேஞ்ச் 'ஃபுல்' என்று வைத்துக்கொண்டு 0-விலிருந்து 255 வரை எதிர்பார்க்கிறது. நண்பர் அதில் முன்பு கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிறார். ஆகவே ஸ்டிக் 'இது கறுப்பு' என்று அனுப்பிய 16, ப்ரொஜெக்டருக்கு 'கறுப்புக்குப் பதினாறு படி மேலே' என்று கேட்டிருக்கிறது. வெள்ளையும் 255-ஐத் தொடாமல் 235-லேயே நின்றுவிட்டது. காமா (எண் ஏற ஏற வெளிச்சம் எப்படி ஏறுகிறது என்ற வளைவு) 2.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் வெளிச்சத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு அங்கேயே போய்விட்டது. இரண்டு பக்கமும் நஷ்டம். 'லிமிடெட்' என்று மாற்ற ஐந்து விநாடி ஆனது. படத்தின் மேல் போர்த்தியிருந்த பாலாடையை யாரோ வழித்தெடுத்த மாதிரி இருந்தது. தப்பு இதற்கு எதிர்ப்பக்கமாகவும் நடக்கலாம், அப்போது சாம்பலுக்குப் பதில் எல்லாம் மசிக்கட்டியாகும். பிரைட்னஸைத் தொடுவதற்கு முன்னால் இந்த ஒன்றைப் பாருங்கள், உங்கள் மூன்று வாரம் மிச்சம்.

அப்படியும் முழுக் கறுப்பு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சித்தப்பா வந்தார். எழுபதுகளில் அவர் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்கு உதவியாளாக இருந்தவர். படம் ஓட்டுவதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பேசும் தகுதி அவர் ஒருவருக்குத்தான். நாங்கள் திருச்சிக்காரர்கள், சினிமாப் பெட்டியோடு ஊருக்குப் பழைய உறவு உண்டு. இங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரை வாங்கிக் கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பியவர்தானே. அவரும் என்னை மாதிரி பழைய பெட்டிதான் வாங்கினார் என்று சித்தப்பாவிடம் சொன்னால் சிரிப்பார்.

சித்தப்பா காலத்துப் பெட்டியில் மெனு இல்லை. கார்பன் குச்சி இரண்டு, இடையில் வில் மாதிரி எரியும் வெளிச்சம். குச்சி கரையக் கரைய இடைவெளி கூடும், கூடினால் வெளிச்சம் நடுங்கும், நிறம் மாறும். ஒருவர் பக்கத்திலேயே நின்று கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். 2000 அடி ரீல் ஓடுவது 22 நிமிஷம், அதற்குள் கண்ணை எடுக்க முடியாது. நான் என் மெனுவைத் திறந்து காமா, ஐரிஸ், கலர் ஸ்பேஸ் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதெல்லாம் இருக்கட்டும்டா, டென்ட்ல பௌர்ணமி வந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா? ஓரத்துப் படுதாவை எல்லாம் எறக்கி விட்டுருவோம். நிலா வெளிச்சம் உள்ள வந்தா படம் வெளுத்துப்போகும். உங்க வூட்டுல பௌர்ணமி மேலேயே ஒட்டியிருக்கே" என்று கூரையைக் காட்டினார்.

வெள்ளைக் கூரை. திரையில் படும் வெளிச்சம் அறைக்குள் சிதறி, வெள்ளைக் கூரையிலும் ஐவரிச் சுவர்களிலும் பட்டு, திரும்பவும் திரைக்கே வந்து கறுப்பின் மேல் விழுகிறது. ப்ரொஜெக்டரால் கறுப்பை அனுப்ப முடியாது, அது வெளிச்சத்தை அனுப்பும் அல்லது அனுப்பாமல் இருக்கும். அனுப்பாத இடத்தில் நாம் பார்ப்பது வெறும் சுவரைத்தான். அட்டையில் 10,000:1 கான்ட்ராஸ்ட் என்று போட்டிருப்பார்கள். அது முழு வெள்ளைத் திரையை ஒரு தடவை, முழுக் கறுப்புத் திரையை ஒரு தடவை தனித்தனியாக அளந்து வகுத்தது. ஒரே காட்சியில் ஜன்னல் வெளிச்சமும் இருட்டு மூலையும் சேர்ந்து வரும்போது கதை வேறு. வெள்ளைப் பகுதியின் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு சுற்றித் திரும்பிக் கறுப்பின் மேல் விழுந்தாலே போதும், எத்தனை விலையுயர்ந்த பெட்டியானாலும் 100:1-ஐத் தாண்டாது. மூன்று மாதம் நான் மெனுவில் தேடியது இந்த நூற்றில் ஒரு பங்கை.

மறுநாளே கறுப்புத் துணி வாங்கக் கிளம்பினேன். அம்மா வாசலிலேயே மறித்தார். "வீட்டுக்குள்ள கறுப்புத் துணி கட்டுறதா? என்ன எழவு வீடா இது?" நியாயமான கேள்விதான். பேச்சுவார்த்தை இரண்டு நாள் நடந்தது. கடைசியில் அரக்கு நிறத்தில் உடன்பாடு. திரைக்கு இரண்டு பக்கமும் ஆறடி நீளத்துக்கு இழுத்துவிடுகிற அரக்குத் திரைச்சீலை, கூரையில் திரையை ஒட்டிய நாலடிக்கு மட்டும் அதே நிறத்தில் பளபளப்பில்லாத பெயின்ட். திரைக்குப் பக்கத்தில் இருக்கும் பரப்புதான் அதிகம் கெடுக்கிறது, அதனால் முழு ஹாலையும் மாற்றத் தேவையில்லை. வெள்ளைச் செவ்வகத்தைச் சுற்றி மூன்று அங்குல அகலத்தில் கறுப்பு வெல்வெட் ஒட்டினேன். அது போட்டோ ஃபிரேம் மாதிரி இருப்பதால் அம்மா கண்டுகொள்ளவில்லை. படத்தின் விளிம்பில் வழிவதை அந்த வெல்வெட் விழுங்கிவிடும், பக்கத்தில் நிஜக் கறுப்பு இருந்தால் படத்தின் கறுப்பும் ஆழமாகத் தெரியும் என்பது ஒன்று. சுவரில் போஸ்டர் ஒட்டிய இடம் மாதிரி இருந்தது திரை மாதிரி ஆகிவிட்டது என்பது இன்னொன்று.

எல்லாம் முடிந்தபின், மெனுவில் எந்த எண்ணையும் மாற்றாமல், முதல் நாள் ஓட்டிய அதே படத்தின் அதே ராத்திரிக் காட்சியைப் போட்டேன். தென்னந்தோப்பில் ஒரு ஆள் லாந்தர் எடுத்துக்கொண்டு நடக்கிறான். அவனுக்குப் பின்னால் மரங்கள் இருக்கின்றன என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா முழுப் படமும் பார்த்தார். பாராட்டியெல்லாம் பேசவில்லை, கதை சரியில்லை என்றார்.

மிச்சம் சில்லறை விஷயங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள். அது படத்தில் இல்லாத கூர்மையைக் கொண்டுவராது, ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுக்கும். சப்டைட்டில் எழுத்தைச் சுற்றி அந்தக் கோடு மறையும் வரை இறக்கினால் போதும். படத்தை வழவழவென்று ஓடவைக்கும் ஃப்ரேம் இன்டர்பொலேஷனை சினிமாவுக்கு நிறுத்திவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், நடுவில் இல்லாததை இட்டு நிரப்பினால் படம் சீரியல் மாதிரி ஆகிவிடுகிறது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பந்து ஓடும்போது விக்குகிறது என்றால் பழியை ப்ரொஜெக்டர் மேல் போடாதீர்கள். நம் ஊர் ஒளிபரப்பு 50 கணக்கில் வருகிறது, ஸ்டிக் 60-இல் அனுப்பினால் நொடிக்குப் பத்து ஃப்ரேமை இரண்டு தடவை காட்டித்தான் கணக்கை நேர் செய்யும். ஸ்டிக்கின் செட்டிங்கில் ஃப்ரேம் ரேட்டை மூலத்தோடு ஒத்துப்போகச் சொல்லும் ஒரு வரி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள்.

எச்டிஆர், அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே பெரிய வீச்சு வைத்துச் செய்த படம், அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட், அதற்கு மேலும் என்று மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. என் சுவரில் இருப்பது 58 நிட். ஆயிரத்தை ஐம்பத்தெட்டுக்குள் அமுக்கும்போது, உச்சத்தைக் காப்பாற்ற முகத்தைக் கறுக்கவைக்க வேண்டியிருக்கிறது. விலை கூடிய பெட்டிகள் காட்சிக்குக் காட்சி கணக்குப்போட்டு இதை நன்றாகவே செய்கின்றன. நடுத்தர ரகங்களில் ஸ்டிக்கிலேயே எச்டிஆரை அணைத்துவிட்டுச் சாதாரண சிக்னலை அனுப்பினால் பத்துக்கு ஒன்பது தடவை படம் இன்னும் நன்றாக இருக்கும். அட்டையில் எச்டிஆர் முத்திரை இருக்கிறதே என்று மனசு கேட்காது. பரவாயில்லை, முத்திரை அட்டையிலேயே இருக்கட்டும்.

போன சித்திரையில் மறுபடி படம் மங்கியது. பழக்க தோஷத்தில் மெனுவுக்குள் போனேன், காமாவை மாற்றினேன், கான்ட்ராஸ்டைக் கூட்டினேன். பெட்டியின் விசிறி கத்திக்கொண்டிருந்தது காதில் விழ ஒரு வாரம் ஆனது. காற்று ஃபில்டரை உருவினால் அதன்மேல் ஒரு கம்பளி. வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்க சாம்பிராணி போடுவது எங்கள் வழக்கம், அந்தப் புகையும் தெருத் தூசியும் சேர்ந்து படிந்திருந்தது. லென்ஸிலும் மெல்லியதாக ஒரு படலம், கேமரா லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்ததும் போய்விட்டது. இப்போது மாதம் ஒரு தடவை ஃபில்டரைத் தட்டுகிறேன், சாம்பிராணி நேரத்தில் பெட்டிக்கு ஒரு துணியுறை போடுகிறேன். கரன்ட் போய்விட்டால் விசிறியும் நின்று விளக்கு சூட்டிலேயே வேகும் என்பதால் சின்ன யூபிஎஸ் ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

விளக்கு இப்போது 2600 மணி நேரத்தில் நிற்கிறது. விளக்கின் ஆயுள் என்று சொல்வது அது அணையும் நேரத்தை இல்லை, வெளிச்சம் பாதியாகும் நேரத்தை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. விளக்கைக் குறைத்து எரிக்கும் எக்கோ மோடிலிருந்து நார்மலுக்கு மாற்றி இன்னும் சில மாதம் ஓட்டலாம் என்று இருக்கிறேன். புது விளக்கு போட்டால் வெளிச்சம் கூடும், நிறம் மாறும், பட்டை சிமிட்டும் படத்தை மறுபடி போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து வைக்க வேண்டும். அதற்கு முன் நூறு மணி நேரம் ஓடி அது நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டும். இப்போதைய எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பெட்டிக்கு அடியில் ஒட்டிவைத்திருக்கிறேன், போன மாதம் மகள் விளையாட்டாக 'ரீசெட்' அமுக்கிய ராத்திரிக்குப் பிறகு.